வாச்சர் வீட்டுக் களவு

முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆலையான ஸ்டோருக்கு வாச்சராக இருந்தவன் நான். என் காவலில் ஒரு பிடி தூள்கூட வெளியே போனதில்லை. வாசலில் நான் நின்றால் துரைமார்கூடப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவனுடைய சொந்த வீட்டில்தான் வருடம் தவறாமல் களவு போயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

முதலில் போனது ஒரு மெரூன் நிற ஸ்வெட்டர். பண்டாரவளைச் சந்தையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. அடுத்து எட்டடித் தகரம் இரண்டு. அதன் பிறகு ஏணி. பதினாறு அடி, சவுக்கு மரத்தில் நானே இழைத்துச் செய்தது. கடைசியாக, நான் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோரில் எல்லாரும் சேர்ந்து தந்த சுவர்க் கடிகாரம். அது களவு போகவில்லை, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று என் மனைவி அந்தோனியம்மா சொன்னாள். சில மாதம் கழித்துக் கேட்டால், அந்தக் கடைக்காரர் பதுளையில் கடையைக் காலி செய்துவிட்டு மொனராகலைப் பக்கம் போய்விட்டாராம். என்னைப் பொறுத்தவரை அதுவும் களவுதான்.

இத்தனைக்கும் என் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டால் 'ஞா' என்று எழுதி வைத்திருப்பேன். ஞானசீலன் என்ற பெயருக்கு அது போதும். துணிமணியென்றால் சிவப்பு நூலால் அந்தோனியம்மாவே தைத்துத் தருவாள். தைக்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அது எதற்கென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஏணி விஷயத்தில் மட்டும் கள்ளனை நான் கண்டுபிடித்தேன். அடுத்த லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் முருகையா. அத்தாட்சி இருந்தது. பதினாறு அடி ஏணியை ஒரு ஆள் தூக்க முடியாது. முருகையாவுக்கு வளர்ந்த மகன்மார் இரண்டு பேர். அந்த வருடம் அவன் வீட்டுப் பலாமரத்து உச்சிக் காய்கூடக் கீழே இறங்கிவிட்டது. ஏணி இல்லாமல் எப்படி இறங்கும்? நான் பீலியடியில், லயத்துச் சனமெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவனை 'ஏணிக் கள்ளன்' என்று கூப்பிட்டேன். முருகையா வாளியைக் கீழே வைத்தான், என்னைப் பார்த்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நிரபராதி என்றால் திருப்பிக் கத்தியிருப்பான் இல்லையா? அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பதினொரு வருடம் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.

அந்தோனியம்மா போன ஒக்டோபரில் செத்துப்போனாள். ஜெபமாலை மாதம். வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்லும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஒரு வீட்டில் ஜெபமாலையின் கடைசிக் காரணிக்கம் சொல்லி முடித்து, பிளேன்டீ குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று சுவரில் சாய்ந்தவள்தான். கிளாஸைக் கழுவாமல் சாகக்கூட அவளுக்கு மனம் வந்திருக்காது.

அவள் போன மறு வாரத்திலிருந்து மத்தியானச் சாப்பாடு எனக்கு வாசலுக்கு வந்தது. திங்கட்கிழமை ரெங்கம்மா, செவ்வாய் பெரியாயி, புதன் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் தயானி என்று முறை வைத்து வந்தது. வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மட்டும் எந்த வீட்டிலிருந்து என்று தெரியாது. நான் கண்ணயரும் நேரமாகப் பார்த்து யாரோ கேரியரை வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ருசி. ஊர் எனக்கு இப்படிச் செய்கிறதே என்று நான் ஆச்சரியப்படவில்லை. முப்பத்தொரு வருடம் நேர்மையாக நின்றவனுக்கு ஊர் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் போனில் அப்படியே சொல்லவும் செய்தேன். அவள், "சரிப்பா, சாப்பிடுங்க" என்றாள்.

மகள் கேஷானி பண்டாரவளையில் டீச்சர். அம்மாவின் முதலாம் வருடப் பூசைக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாள். வந்து பையைக்கூட வைக்கவில்லை.

"அப்பா, நாளைக்கு நீங்க வீடு வீடாப் போயி பூசைக்குச் சொல்லணும்."

"போன்ல சொல்லிரு."

"செத்தவங்க பூசைக்கு யாராச்சும் போன்ல சொல்லுவாங்களா? அம்மா எத்தன வீட்டு நல்லது கெட்டதுக்கு மொத ஆளாப் போயி நின்னாங்க. நீங்க ஒருக்கா வாசல்ல நின்னு சொல்லக்கூடாதா?"

"சரி, போறேன்."

"முருகையா மாமா வீட்டுக்கும்."

"ஏணியக் கொண்டாந்து வைக்கச் சொல்லு. போறேன்."

அவள் என்னோடு வாக்குவாதம் செய்யவில்லை. அவள் அம்மா மாதிரிதான், வாக்குவாதம் செய்யாமலே வெல்லுகிறவள். "இன்னொண்ணு," என்றாள். "பூசையில நம்ம வீட்டாள் ஒருத்தர் அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்த பேசணும்னு மாதா கோயில் சாமி சொன்னாரு. நீங்கதான் பேசுறீங்க."

"நீதானே டீச்சர். நீ பேசு."

"நான் பேசினா அழுதுருவேன்ப்பா."

சரியென்று ஒத்துக்கொண்டேன். அன்று முழுக்க என்ன பேசலாம் என்று யோசித்தேன். ஜெபம் செய்வாள். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி சொல்லித் தருவாள். சிங்களம் தெரியாத கிழடுகளைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டொக்டரிடம் பேசி மருந்து வாங்கித் தருவாள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைத் திருப்பிச் சொல்ல நான் எதற்கு? நாற்பது வருடம் கூட இருந்தவன், எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்று வேண்டாமா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சாரமும் சட்டையும் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். புதுக் குடை. பிடியில் 'ஞா' பளிச்சென்று இருந்தது.

முதல் வீடு ரெங்கம்மா. புருஷன் இல்லாதவள், கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். என்னைக் கண்டதும், "அண்ணே, நில்லுங்க, வந்துர்றேன்" என்று உள்ளே ஓடினாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அந்துருண்டை வாசத்தோடு வெளியே வந்தவள் மெரூன் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழுத்துக்குப் பின்னால் சிவப்பு நூலில் 'ஞா'.

என் வாய் திறந்தது. என்னை முந்திக்கொண்டு அவள் பேசினாள்.

"ஒங்க முன்னால இதப் போட்டுக் காட்டணும்னு ரொம்ப நாளா ஆசண்ணே. எனக்கு இளைப்பு வந்து படுத்துக் கெடந்தப்ப அக்கா கொண்டாந்து குடுத்தாங்க. 'எங்க வீட்டுக்காரரு ஒனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு'ன்னாங்க. நல்ல நாளுக்கு மட்டுந்தான் போடுவேன். ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

வாச்சர் வேலையில் எத்தனையோ கள்ளர்களைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் என்னைக் கும்பிட்டு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. "நாளைக்குப் பூசைக்கு வந்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெரியாயி வீட்டுக் குசினிக் கூரையில் என் தகரம் இரண்டும் இருந்தன. எழுத்து வெயிலில் வெளுத்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்புமா? "மண்ணு சரிஞ்ச வருசம் நீங்க குடுத்து விடலேன்னா நாங்க நனைஞ்சே செத்திருப்போமுங்க" என்று பெரியாயி கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகள் தொட்டிலிலும் தரையிலும் கிடந்து கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் தலைக்கு மேலே என் கடிகாரம். மொனராகலைக்குப் போகவேயில்லை. சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க இங்க வரவே இல்லியே மாமா" என்றாள் தயானி. "புள்ளைங்களுக்கு நேரத்துக்குப் பால் குடுக்க மணி பாக்கணுமேன்னு மாமாதான் யோசிச்சுக் குடுத்து விட்டாராம்னு மாமி சொன்னாங்க."

"ஆமா" என்றேன். அந்த 'ஆமா' எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தோனியம்மா மேல் கடுமையான கோபம். அவள் எதிரே இருந்திருந்தால் அன்று முழுக்கக் கத்தியிருப்பேன். அவள் எதிரே இல்லை என்பதுதான் அந்தக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது. ஸ்டோர் வாசலில் நான் முறைத்துக்கொண்டு நின்ற முப்பத்தொரு வருடமும், என் வீட்டுப் பின்வாசல் வழியாக அவள் என்னை நல்லவனாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம்தான் ஏணி நினைவுக்கு வந்தது.

ஸ்வெட்டர் அவள் வேலை, தகரம் அவள் வேலை, கடிகாரம் அவள் வேலை என்றால் ஏணி மட்டும் யார் வேலை? பீலியடியில் ஊரைக் கூட்டி வைத்து நான் ஒரு மனிதனைக் கள்ளன் என்றேனே. பதினொரு வருடம் அந்தப் பெயரை அவன் சுமக்கிறானே.

முருகையா மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவன். அவன் மேலுள்ள கோபத்தில் அந்தக் கோயில் பக்கமே நான் போவதில்லை. தேர் அன்றைக்கு மட்டும் எங்கள் வாசலிலிருந்து பார்ப்பேன். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த ஒரு பெரிய ஏணியில் ஏறி லைட் கட்டுவார்கள். 'அழகான ஏணி, இவனுகளுக்கு எங்கிருந்து கிடைத்தது' என்று அந்தோனியம்மாவிடமே கேட்டிருக்கிறேன். "யாரோ புண்ணியவான் குடுத்திருப்பாரு" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கியபடி.

நேரே கோயிலுக்குப் போனேன். ஏணி பின்சுவரில் சாய்ந்திருந்தது. குனிந்து, அடிக்காலில் காவிப் பெயின்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பு தெரிந்தது. இன்னும் சுரண்ட 'ஞா' முழுசாக வந்தது.

"என்ன வாச்சரே, ஏணி பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

திரும்பினால் முருகையா. கையில் விளக்குமாறு. பதினொரு வருடத்தில் தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"இது... எப்ப இங்க வந்துச்சு?"

"நீங்க பீலியில வச்சு என்னய வாழ்த்தினீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முந்தி. 'எங்க வீட்டுக்காரரு கோயிலுக்குக் குடுக்கச் சொன்னாரு'ன்னு அந்தோனியம்மா தங்கச்சி வந்து சொல்லுச்சு. நீங்க ஸ்டோர்ல இருக்கிற நேரம் என் மகங்க ரெண்டு பேரும் போயி தூக்கிட்டு வந்தாங்க."

இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள் என்று அன்றே நான் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

"அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேர சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் கெளம்பினேன். அதுக்குள்ள தங்கச்சி என் வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. 'தப்பு என்னோடதுண்ணே, நானே பீலியில போயி உண்மையச் சொல்லி ஒங்க பேரக் காப்பாத்துறேன்'ன்னுச்சு. 'ஆனா சொல்லிட்டா, அவரு பேருல நான் குடுத்ததெல்லாம் பொய்யின்னு ஆயிரும். நாளைக்கு நான் முந்திப் போயிட்டா அந்தக் கோவக்கார மனுசனுக்கு ஒரு வாய்ச் சோறு யாருண்ணே குடுப்பாங்க?'ன்னு கேட்டுச்சு." முருகையா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "நான்தான் சொல்ல வேணாம்னு தடுத்தேன். எனக்கென்ன, என்னய யாரும் கள்ளன்னு நம்பப்போறதில்ல. ஒங்களுக்குச் சோறு கெடைக்காமப் போனாத்தான் பாவம்."

ஏணிக்காலைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் வந்தது ஒரே ஒரு கேள்வி.

"வெள்ளிக்கெழம கேரியரு?"

"என் மருமக கையி. பலாக்கா ஒங்களுக்கு உசுருன்னு தங்கச்சி சொல்லி வச்சிருக்கு. இன்னைக்கும் போயிருக்கும், ஆறுறதுக்குள்ள போயி சாப்பிடுங்க."

அவரையும் பூசைக்கு வரச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேரியர் வாசலில் இருந்தது. திறந்து சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி. அழுதுகொண்டே இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். அழுகை வேறு, பசி வேறு.

கேஷானி பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டீங்களா?" என்றாள். "சொல்லிட்டேன்" என்றேன். "ஒனக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டேன். அவள் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை என் முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. நாளைக்குப் பூசையில் உண்மையைச் சொன்னால் முருகையாவின் பெயர் சுத்தமாகும். ஆனால் ரெங்கம்மா ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிடுவாள், பெரியாயி கையை விட்டுவிடுவாள், வாசலுக்குக் கேரியர் வருவது நின்றுவிடும். அந்தோனியம்மா நாற்பது வருடம் எனக்காகக் கட்டியதை நானே இடித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டாலோ, அவள் கொடுத்தது அத்தனையும் என் பெயரிலேயே நின்றுவிடும். அவளுடைய பூசையில் அவளிடமிருந்தே திருடுகிற மாதிரி. கள்ளனைப் பிடித்துப் பிடித்தே வயதானவன், கடைசிக் காலத்தில் அந்த வேலையை நானே பார்க்க வேண்டுமா?

சனிக்கிழமை மாதா கோயில் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு வந்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து போய் நின்றேன்.

"ஏணிய முருகையா எடுக்கல" என்றேன்.

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முருகையா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தோனியம்மாதான் எடுத்துக் கோயிலுக்குக் குடுத்தா. நான் ஒரு நல்ல மனுசனப் பதினொரு வருசம் கள்ளன்னுட்டேன். அவரு என்னய மன்னிக்கணும். ரெங்கம்மாவுக்கு ஸ்வெட்டர் குடுத்தது நான் இல்ல. தகரம் குடுத்தது நான் இல்ல. கடிகாரத்த நான் தேடிட்டு இருந்தேன். நான் இந்தத் தோட்டத்துல யாருக்கும் எதுவும் குடுத்ததில்ல. எல்லாம் அவ. என் பேரச் சொல்லிக் குடுத்திருக்கா. நீங்க தெரியாம எனக்கு ஒரு வருசமாச் சோறு போட்டுட்டீங்க."

நான் கோயிலில் ஒரு பெரிய அமைதி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ரெங்கம்மா மெரூன் ஸ்வெட்டரோடு எழுந்து நின்றாள்.

"அது எங்களுக்குத் தெரியும்ணே!"

"தெரியுமா?"

"ஒங்க கையால ஒரு மொளகா வாங்கினவங்க இந்தத் தோட்டத்துல யாருண்ணே இருக்காங்க?"

கோயிலே சிரித்தது. சாமியாரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. பூசை நடுவில் இப்படிக் கேட்கலாமா கூடாதா என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"பின்ன ஏன் எனக்குச் சோறு குடுத்தீங்க?"

ரெங்கம்மா ஸ்வெட்டர்க் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அக்கா ஒங்கள நல்லவரு நல்லவருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பொய்யின்னு தெரிஞ்சேதான் கேட்டோம். கேட்டுக் கேட்டுப் பாதி நம்பிட்டோம்ணே. மீதிப் பாதிய நீங்க பாத்துக்கங்க."

அழமாட்டேன் என்பதற்காகத்தானே என்னைப் பேசச் சொன்னாள் மகள்? முதல் வரிசையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாமியார் வந்து என் தோளில் கை வைத்து, "இதுக்கு மேல பிரசங்கம் வேணாம்" என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

மாதா கோயிலிலேயே நடந்த சாப்பாடு முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒக்டோபர் மழை, எங்கள் தெமோதரை ஸ்டேசன் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள். முருகையா வாசல் படியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

என் கையில் குடை இருந்தது. என் கைக்கு அதை நீட்டத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தாங்க" என்றேன். "அந்தோனியம்மா குடுக்கச் சொன்னா."

முருகையா பிடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்பச் சொன்னுச்சு?"

"நாப்பது வருசமாச் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா. எனக்குத்தான் இப்ப வெளங்குச்சு."

"திருப்பித் தரணுமா?"

'திங்கட்கெழம தந்துருங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வேணாம்" என்றேன்.

அவர் குடையை விரித்து, "அப்ப இது என் கொட. நீங்க உள்ள வாங்க" என்றார். இரண்டு கிழவர்களுக்கு அந்தக் குடை போதவில்லை. எனக்கு வலது தோளும் அவருக்கு இடது தோளும் நனைந்தன. பதினொரு வருடப் பேச்சு பாக்கி இருந்தும், வழியெல்லாம் ஏணியைப் பற்றித்தான் பேசினோம். மூன்றாம் படி ஆடுகிறதாம். தேருக்கு முன் யாராவது விழுந்து வைக்கப் போகிறார்கள் என்றார்.

"நாளைக்கு வந்து அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"கோயில்ல ஆணி இல்லியே."

"ஆணியும் நானே கொண்டாறேன்."

முருகையா நடு ரோட்டில் நின்றுவிட்டார். குடையைக் கொஞ்சம் விலக்கி, மழையில் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், எங்கள் லயத்து வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை.